காதுகுத்தில் சொன்ன சொல்

ஆகஸ்ட் 4, வெள்ளி

தம்பி அழகர்ராஜாவும் அவன் பெண்டாட்டி பவுன்தாயும் தாம்பாளத்தோடு வந்தார்கள். ஆடி மாதத்தில் பத்திரிகை வைக்க வருகிற ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன். மூத்தவள் வினோதினிக்கு ஆவணி மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை கல்யாணமாம். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனி மேனேஜராம். பெண் பார்த்தது, பூ வைத்தது, மண்டபம் பிடித்தது எல்லாம் முடிந்து, கடைசியில் எனக்கு ஒரு பத்திரிகை. அதிலும் "அத்தை தங்கபுஷ்பம்" என்று எறும்பு மாதிரி எழுத்தில் போட்டிருக்கிறான்.

"நீங்கதான்க்கா முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றான்.

"ஏன்டா, என் வீட்ல ஒரு முறைமாப்பிள்ளை இருக்கானே, அவன் உன் கண்ணுக்குத் தெரியலையா?"

பவுன்தாய் தரையைப் பார்த்தாள். தம்பி பேச்சை மாற்றி, "தேவா எங்கக்கா?" என்றான். நைட் டூட்டி, தூங்குகிறான் என்றேன். என் மகன் வேலையை விட்டு ஒரு வருஷமாகிறது. அது இவனுக்கு எதற்கு?

கிளம்பும்போது, "கையில என்னக்கா கட்டு?" என்றான். கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றேன்.

அவர்கள் போன பிறகு எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை. தேவாவுக்குக் குலசாமி கோயிலில் காது குத்தியபோது இந்தத் தம்பியின் மடியில்தான் உட்கார வைத்தோம். தாய்மாமன் சீர்த் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "என்னடா, இவ்வளவுதானா?" என்று கேட்டேன். அப்போது அவன் புதுமாப்பிள்ளை. "போக்கா, எனக்குப் பொண்ணு பொறந்தா அவளையே உன் மகனுக்குச் சீராத் தந்துடறேன், போதுமா?" என்றான். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் என்ன, சொன்னது சொன்னதுதானே?

ஆகஸ்ட் 5, சனி

அலமாரி மேல் வைத்திருந்த பத்திரிகையைத் தேவா கிழித்துப் போட்டுவிட்டான். முறைப்பெண் மேல் பாசம்தான், வேறென்ன.

ஆகஸ்ட் 7, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. ஒற்றைக் கையால் நானே உருட்டி உள்ளே வைத்தேன். பிறகு வக்கீல் தீனதயாளனைப் பார்க்கப் போனேன். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தபோது முட்டைக் கணக்கில் என்மேல் புகார் போட்டார்களே, அப்போது என்னைக் காப்பாற்றிவிட்டவர்.

"வெறும் வாய்ப்பேச்சுதானா? எழுத்துல ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"கூடப் பொறந்தவன்கிட்ட யாராவது எழுதி வாங்குவாங்களா சார்?"

"வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும்மா. நிரூபிக்கிறதுதான் பாடு. அதுலயும் கல்யாணம் பண்ணி வைன்னு கோர்ட் யாரையும் கட்டாயப்படுத்தாது. கடைசியில தள்ளிடுவாங்க."

"அப்ப?"

"கடைசியைப் பத்தி யாரு பேசினா? உங்களுக்கு அந்த ஞாயித்துக்கிழமை தாண்டணும், அவ்வளவுதானே? அதுக்கு ஒரு இடைக்காலத் தடை போதும்."

அதற்கு மூன்று விஷயம் காட்ட வேண்டுமாம். பார்த்த மாத்திரத்தில் நம் பக்கம் ஒரு வழக்கு இருப்பதாகத் தெரிய வேண்டும். தடை கொடுத்தால் அவர்களுக்கு வரும் சங்கடத்தைவிட, கொடுக்காவிட்டால் நமக்கு வரும் சங்கடம் பெரிதாக இருக்க வேண்டும். மூன்றாவது, பணத்தால் ஈடு கட்ட முடியாத நஷ்டம் இருக்க வேண்டும்.

"மூணாவது இருக்கு சார். இவளை விட்டா என் மகனுக்கு வேற எவளும் கிடைக்க மாட்டா" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "அதை அப்படியே எழுத முடியாதும்மா."

காதுகுத்தில் நடந்ததைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அந்தச் சிரிப்பை விட்டுருவோம்" என்றார். வெற்றிலை பாக்கு மாற்றினீர்களா என்று கேட்டார். விசேஷ வீட்டில் வெற்றிலை இல்லாமலா இருக்கும்? இருந்தது என்றேன். என் கைக்கட்டையும் பார்த்தார், அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஆகஸ்ட் 9, புதன்

ஒரு சாட்சியாவது வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பங்காளி வீட்டுச் சோணமுத்து அண்ணனைப் போய்ப் பார்த்தேன்.

"நான் பந்தியில சாம்பார் ஊத்திக்கிட்டு இருந்தேன் தாயி. ஒண்ணும் காதுல விழலையே" என்றார்.

மதினிக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்தது யார் என்று ஞாபகப்படுத்தினேன். அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. நாளைக்கே வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

தேவாவிடம் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் பகல் பன்னிரண்டுக்குள் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு கடை திறந்துவிடுவார்கள். ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன். கை நடுங்கியது, இரண்டு இடத்தில் மறுபடி போடச் சொன்னார் வக்கீல்.

"வினோவாம்மா? அவ சம்மதிச்சாளா?" என்று கேட்டான்.

"சம்மதிப்பா."

"என்னைப் பார்த்தாலே அவ பயப்படுவாளேம்மா."

"ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் போயிரும்டா" என்றேன். இதுவரை வந்த வரன் எல்லாம் முக்கு டீக்கடையில் விசாரித்துவிட்டு, வீட்டுக்குள் வராமலே பஸ் ஏறிப் போனது. ஊர் வாய்க்கு என் பிள்ளைதான் கிடைத்தான்.

சாயங்காலம் சட்னியில் உப்பு இல்லை என்று தட்டு பறந்தது. சுவரைக் கழுவிவிட்டேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

பிரமாணப் பத்திரத்தை வக்கீல் வாசித்துக் காட்டினார். "தெய்வ சன்னிதியில், பெரியோர்கள் முன்னிலையில், வெற்றிலை பாக்கு மாற்றி, தனக்குப் பிறக்கும் பெண்ணை முதல் வாதியின் மகனுக்கே மணமுடித்துத் தருவதாகப் பிரதிவாதி உறுதி கூறினார்" என்று வருகிறது. கேட்கக் கேட்க எனக்கே கண் கலங்கியது. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த வெற்றிலைகூடக் கண்ணில் தெரிகிறது. கொழுந்து வெற்றிலை.

உங்கள் தம்பி முன்ஜாக்கிரதையாகக் கேவியட் போட்டிருக்கிறாரா, தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்று ஏதாவது மனு கொடுத்திருக்கிறாரா என்று கேட்டார். அக்காவுக்கு எதிராக எந்தத் தம்பி அப்படிப் போடுவான்?

"நல்லதாப் போச்சு" என்றார் வக்கீல்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

தடை கிடைத்துவிட்டது!

நீதிபதி அம்மா சின்ன வயசு, முப்பத்தைந்து இருந்தால் அதிகம். முதலில் முகத்தைச் சுளித்தார். "கல்யாணத்துக்குத் தடையா? எதிர்த்தரப்பைக் கேக்காமயா?" என்றார். நம் வக்கீல் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாலி ஏறிவிட்டால் வழக்கு போட்டதற்கே அர்த்தமில்லை. பத்து நாள் கல்யாணம் தள்ளிப்போனால் யாருக்கும் உயிர் போகாது என்றார். அந்த அம்மா சோணமுத்து அண்ணன் எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை படித்தார். பிறகு 28-ஆம் தேதி வரை இடைக்காலத் தடை என்று எழுதினார்.

நாளையும் மறுநாளும் கோர்ட் லீவு. ரத்து செய்யச் சொல்லி எங்கே போய் முட்டுவார்கள்? வக்கீலின் கணக்கே கணக்கு. வரும் வழியில் மல்லிகைப் பூ வாங்கினேன்.

ஆகஸ்ட் 19, சனி

சாயங்காலம் ரிசப்ஷனுக்கு அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். உத்தரவைக் கொடுக்கக் கோர்ட் அமீனாவும் கூட வந்தார். பாவம், சாப்பிட்டு முடித்த பிறகு கொடுக்கலாமே என்று அவர் இழுத்தார். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் இருக்கும்போதே கொடுங்கள் என்றேன்.

வாசலில் தம்பி சந்தனக் கிண்ணத்தோடு நின்றான். அமீனா நீட்டியதை மொய்க் கவர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வாங்கினான். பிரித்துப் படித்தான். அவன் கையிலிருந்த கிண்ணத்தை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

"அக்கா... இது நான் விளையாட்டுக்குச் சொன்னதுக்கா."

"கேட்டுக்கங்க! சொன்னேன்னு அவன் வாயாலயே ஒத்துக்கிறான்!" என்று மண்டபமே கேட்கும்படி கத்தினேன்.

செண்டை மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள். பவுன்தாய் என் காலைப் பிடித்துக்கொண்டு, "மதினி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அழுதாள். மாப்பிள்ளையின் அப்பா திருப்பூர் வக்கீலுக்குப் போன் போட்டார். உத்தரவை மீறினால் ஜெயில் என்று அங்கிருந்து சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளைப் பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அரை மணி நேரத்தில் அவர்கள் வந்த இரண்டு பஸ்ஸும் கிளம்பிவிட்டன.

வினோதினி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். முழு அலங்காரம், கழுத்தில் மாலை. என்னை அடிப்பாளோ என்றுகூட நினைத்தேன். என் முன்னால் வந்து நின்று, "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அப்படியே அறைக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

முகூர்த்த நேரம் கழிந்தது. இட்லிக்கு ஊறப் போட்டேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. எங்கேயோ எவரையோ போலீஸ் அடித்துவிட்டதாம். வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதுவரை தடையும் தொடரும். தம்பி கோர்ட் வளாகத்தில் ஒரு மரத்தடியில் ஒண்டியாக நின்றான். சவரம் பண்ணவில்லை. என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் வேட்டி மடிப்பை இறக்கிவிட்டான். நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, சனி

திருப்பூர்க்காரர்கள் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்களாம். போகட்டும். ஆனால் தம்பி சும்மா இல்லை; ராஜபாளையத்தில் இன்னொரு வரன் பேசுகிறான். விலாசம் விசாரித்து வாங்கி, கோர்ட் உத்தரவை ஜெராக்ஸ் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபாலாபீஸ் பெண், "நல்ல விசேஷமாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருக்கிறது. மஞ்சள் பற்றுப் போட்டால் வெளியே தெரியவில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி

ராஜபாளையம் வரனும் நின்றுவிட்டது. தம்பி தேடி வந்தான். உள்ளே வந்ததும் சாஷ்டாங்கமாக என் காலில் விழுந்தான். ஐம்பத்திரண்டு வயசு ஆம்பளை.

"அக்கா, தேவா நல்லா இருந்திருந்தா நானே கொண்டாந்து குடுத்திருப்பேன். ஊருக்கே தெரியும்க்கா. உங்க மூஞ்சியைப் பாருங்க."

"என் மூஞ்சிக்கு என்னடா? கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"எத்தனை கதவுக்கா இருக்கு உங்க வீட்ல?"

எனக்கு வந்ததே கோபம். எழுந்து வெளியே போடா நாயே என்றேன். பெற்ற பிள்ளையைப் பற்றித் தாயிடமே வந்து பேசுகிறான். அவனுக்கென்ன, இரண்டு பெண்ணும் ஒழுங்காக வளர்ந்துவிட்டன. இந்த வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் எல்லாம் அடங்கும். நான் ஒருத்தியே எவ்வளவுதான் தாங்குவது?

செப்டம்பர் 26, செவ்வாய்

தம்பி தரப்பில் எதிருரை தாக்கல் செய்துவிட்டார்கள். அவன் வக்கீல் மதுரைக்காரர், பெரிய மேதாவியாம். நம் வக்கீல் அதைப் படித்துவிட்டு எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

"அம்மா, இங்க பாருங்க. 'அப்படி ஏதாவது சொல்லியிருந்தாலும், அது வினோதினியைக் குறிக்காது. அன்றைக்கு அவர் பிறக்கவே இல்லை. எந்தப் பெண் என்று குறிப்பிடாத பேச்சு இந்தப் பெண்ணைக் கட்டுப்படுத்தாது' அப்படின்னு எழுதியிருக்காங்க."

"அது நமக்குக் கெடுதல்தானே சார்?"

"இந்தப் பொண்ணுன்னு குறிப்பா சொல்லலைன்னா என்ன அர்த்தம்? எந்தப் பொண்ணா வேணா இருக்கலாம். உங்க தம்பிக்கு ரெண்டாவது ஒண்ணு இருக்குல்ல?"

யோகஸ்ரீ. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். எனக்கு இது தோன்றவே இல்லை. படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

அக்டோபர் 6, வெள்ளி

தோற்றுவிட்டோம். அந்த நீதிபதி அம்மா மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார். "பொண்ணு என்ன பித்தளைப் பாத்திரமா, சீர்த் தட்டுல வச்சுக் குடுக்கிறதுக்கு?" என்று என்னை எழுந்து நிற்க வைத்துக் கேட்டார். சோணமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, "நீங்க அப்போ எங்க உக்காந்திருந்தீங்க?" என்றார். சாம்பார் ஊத்திக்கிட்டு இருந்தேன் என்று அந்தக் கிழம் உளறிவிட்டது. கோர்ட்டே சிரித்தது. முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டியது, தன்னுடைய தவறு என்றுகூட அந்த அம்மா சொன்னார். தவறு என்றால் திருப்பூர்க்காரன் திரும்பி வந்துவிடுவானா?

எனக்கு அவமானமாக இருந்தது. வெளியே வந்தபோது தம்பியும் பவுன்தாயும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஜெயித்தவர்கள் அழுவதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நம் வக்கீல் கலங்கவே இல்லை. அங்கேயே அவர்கள் கையில் இன்னொரு நோட்டீஸைக் கொடுத்தார். வாக்கு வினோதினியைக் குறிக்காது என்று நீங்களே சொல்வதால், அது இளையவள் யோகஸ்ரீயைக் குறிக்கும். அவளுக்கு எப்போது எங்கே கல்யாணம் பேசினாலும் தடை கேட்போம் என்று அதில் இருந்தது.

"இது நிக்குமா சார்?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"நிக்காது. ஆனா எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் அதைத் தெரிஞ்சுக்கிற வரைக்கும் மண்டபத்துல உக்காந்திருப்பான்?" என்றார்.

அக்டோபர் 8, ஞாயிறு

வினோதினி தனியாக வந்தாள். தேவா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள். முகம் சுண்டிப் போயிருந்தது. காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"யோகா இனிமே காலேஜுக்குப் போகமாட்டேங்கிறா அத்தை. அப்பா நெஞ்சு வலி வந்து ரெண்டு நாளா ஆஸ்பத்திரியில இருக்காரு. உங்களுக்குச் சொல்லி அனுப்பல."

"எனக்கு யார் சொல்றா" என்றேன்.

"எங்கப்பா ஒரு பொண்ணுன்னுதானே சொன்னாரு? ஒருத்தி வந்துட்டா அந்தப் பேச்சு தீர்ந்துருமா?"

தீர்ந்துவிடும் கண்ணு, குலசாமி மேல் சத்தியம் என்று அவள் தலையில் கை வைக்கப் போனேன். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வாயால வேணாம். எழுதிக் குடுங்க."

ஸ்டாம்ப் பேப்பர் அவளே கொண்டுவந்திருந்தாள். யோகஸ்ரீ மேல் எனக்கோ என் மகனுக்கோ எந்தப் பாத்தியதையும் இல்லை, எந்தக் காலத்திலும் எந்தக் கோர்ட்டுக்கும் போக மாட்டோம் என்று டைப் அடித்திருந்தது. சொந்த அத்தையிடம் எழுதி வாங்குகிற காலம் வந்துவிட்டது. மனசு கஷ்டப்பட்டாலும் போட்டுக் கொடுத்தேன்.

"மச்சான் குடிச்சா என்ன பண்ணுவாரு அத்தை? உண்மையைச் சொல்லுங்க. நான் தெரிஞ்சுக்கிட்டு வர்றேன்."

"அவன் குழந்தைடி. உனக்குத் தெரியாததா?" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். காப்பி ஆறிப் போயிருந்தது, சுட வைத்து நானே குடித்தேன்.

அக்டோபர் 27, வெள்ளி

கோயிலில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. புரட்டாசி முடியட்டும் என்று காத்திருந்தது போதும் போதுமென்று ஆகிவிட்டது. தம்பி தாரை வார்த்துக் கொடுத்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. யோகஸ்ரீ வரவே இல்லை. அக்காள்தான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாளாம். வக்கீல் வந்து சாப்பிட்டார். பாயசம் நன்றாக இருக்கிறது என்றார்.

தேவா மதியம் வரை நிதானமாக இருந்தான். பட்டு வேட்டியில் ராஜா மாதிரி இருந்தான். தாலி கட்டும்போது அவன் கை நடுங்கியது. வினோதினியே முடிச்சைப் பிடித்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 30, திங்கள்

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு காலை ஏழு மணி வரை தூங்கினேன்.

நவம்பர் 2, வியாழன்

நாள் முழுக்க மழை, துணி காயவில்லை. வினோதினி ரசம் நன்றாக வைக்கிறாள். புளி மட்டும் ஒரு சுற்று அதிகம். சொன்னேன், கேட்டுக்கொண்டாள். பவுன்தாய் போன் பண்ணி, "எப்படி மதினி இருக்கா?" என்றாள். ராணி மாதிரி இருக்கிறாள் என்றேன். அவளிடம் கொடுங்கள் என்றாள். குளிக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். வினோதினி எதிரில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனைக் கேட்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

தேவா ஆறரைக்கு வந்தான். வரும்போதே நிதானத்தில் இல்லை. முன்பெல்லாம் கேட் திறக்கிற சத்தம் கேட்டால் நான் அடுப்படிக்குள் ஒதுங்கிவிடுவேன். இன்றைக்கு அவன் என்னைத் தாண்டி நேராக அவர்கள் அறைக்குப் போனான். சாப்பாட்டுத் தட்டோடு அவளும் பின்னால் போனாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

ஏழரை மணி சீரியல் போட்டேன். மூத்த மருமகள் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிற கட்டம், இதற்காகத்தான் ஒரு வாரமாக இழுத்தார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே என்னவோ விழுந்து உடைந்தது. "அத்தை" என்று வினோதினி கூப்பிட்டாள்.

ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். விளம்பரம் போடும்போது குறைத்துப் பார்த்தேன். அவள் மறுபடியும் கூப்பிடவில்லை. அடக்கமான பிள்ளைதான்.